மல்லிக் பஜாரும் ஒரு பழைய பென்ட்லியும்

கல்கத்தாவில் வாழும் நம்மவருக்கு லேக் மார்க்கெட்டைத் தெரியும், காளிகாட்டைத் தெரியும், ஹௌரா நிலையத்தில் சென்னை மெயில் எந்தப் பிளாட்பாரத்தில் வரும் என்பதும் தெரியும். மல்லிக் பஜாருக்குள் நுழைந்து பார்த்தவர்கள் மிகச் சிலரே. (நகரின் பெயர் 2001-இல் கொல்கத்தா என மாறிவிட்டது. ஆயினும் அறுபது ஆண்டு பழகிய நாவுக்குக் கல்கத்தா என்றுதான் வருகிறது. வாசகர்கள் பொறுத்தருள வேண்டும்.)

சௌரங்கியிலிருந்து பார்க் தெருவில் கிழக்கு நோக்கி நடந்தால், ஹோட்டல்களும் புத்தகக் கடைகளும் முடிந்தபின், ஆசாரிய ஜகதீச சந்திர போஸ் சாலை குறுக்கிடும் சந்தி வரும். முன்னாளில் அதற்கு லோயர் சர்க்குலர் ரோடு என்று பெயர். அச்சந்தியை ஒட்டியதுதான் மல்லிக் பஜார். சந்திக்கு முன்பே 1767-இல் திறக்கப்பெற்ற பழைய ஆங்கிலேய இடுகாடு இருக்கிறது. ஆசியச் சங்கத்தை 1784-இல் நிறுவிய சர் வில்லியம் ஜோன்ஸ் அங்கே உறங்குகிறார். சாலையைக் கடந்தால் மற்றோர் இடுகாடு. வங்கக் கவி மைக்கேல் மதுசூதன தத்தரின் சமாதி அதில் உள்ளது. இவ்விரண்டுக்கும் அருகில் மோட்டார் வண்டிகளுக்கும் ஓர் இடுகாடு அமைந்திருப்பது பொருத்தமே என்று முதல் நாள் நினைத்துக் கொண்டேன். பின்னர் அந்த எண்ணத்தை மாற்றிக் கொண்டேன்.

அங்கே ஒவ்வொரு கடைக்கும் ஒவ்வோர் உறுப்பு. ஒரு கடையில் ஸ்டீயரிங் சக்கரங்கள் மட்டும் வளையல்போலக் கோத்துத் தொங்கும். அடுத்ததில் கதவுகள், அதற்கடுத்ததில் முன்விளக்குகள், ஆயிரம் கண்ணுடையாள் போல. உத்தரபாராவில் 2014 வரை செய்யப்பட்ட அம்பாஸடர் வண்டியின் எந்த அங்கத்தைக் கேட்டாலும் கடைப் பையன் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துத் தருவான். ஆனால் நான் தேடிச் சென்றது 1949-ஆம் ஆண்டுப் பென்ட்லி வண்டியின் பெட்ரோல் பம்புக்கு உரிய பாயின்டுகளை. “எழுபத்தாறு வயது வண்டியா? எங்கள் பாட்டனாரைக் கேளுங்கள்” என்றான் ஒரு பையன். அவன் கேலியாகச் சொன்னாலும் அவ்வாறே நடந்தது. உள்சந்து ஒன்றில் அவனுடைய பாட்டனார் வயதுள்ள மிஸ்திரி ஒருவர் கிடைத்தார்.

நான் மோட்டார்க்காரன் அல்லேன்; கணக்கெழுதி ஓய்வு பெற்றவன். என் தந்தையார் கும்பகோணத்துப் பக்கத்திலிருந்து வந்து, பாலிகஞ்சில் ஒரு வங்காளிக் குடும்பத்தில் 1961 முதல் 1987 வரை காரோட்டியாக இருந்தார். அந்த வீட்டு அம்மையாருக்கு இப்போது எழுபத்தெட்டு வயது. சென்ற கார்த்திகையில் அவர் தொலைபேசியில் அழைத்தார். வீட்டை விற்றாயிற்று, பொங்கலுக்கு முன் காலி செய்து கொடுக்க வேண்டும். வண்டி 2009-க்குப் பின் அசையவில்லை. பழைய வண்டிகளைச் சேர்த்துவைக்கும் அன்பர் ஒருவர் வாங்கிக் கொள்ளத் தயார். ஆனால் தன் சக்தியில் ஓடி, நிறுத்திய இடத்தில் நிற்க வேண்டும் என்பது அவர் நிபந்தனை. இல்லையேல் எடைக்கு எடுப்பவர் வருவார். அம்மையார் இன்னொன்றும் சொன்னார்: “டிரைவர் காக்கூவின் நோட்டுப் புத்தகம் வண்டிக்குள் இருக்கிறது. இங்கே யாருக்கும் படிக்கத் தெரியவில்லை. நீ வந்து பார்ப்பாயா?”

போய்ப் பார்த்தேன். கதவுப் பையிலே, எண்ணெய்க் கறை படிந்த நீளக் கணக்குப் புத்தகம். தந்தையாரின் கையெழுத்து. ஓடிய மைல், ஊற்றிய எண்ணெய், செய்த பழுது, எல்லாம் தமிழில்! இருபத்தாறு ஆண்டு அந்த வீட்டார் அறியாமல் அந்த வண்டிக்கு ஒரு ஜாதகம் எழுதி வைத்திருக்கிறார்.

வண்டியைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும. ‘மார்க் ஆறு’ எனப்படும் இந்த வகை 1946 முதல் 1952 வரை இங்கிலாந்தில் க்ரூ என்னும் ஊரில் ரோல்ஸ்-ராய்ஸ் நிறுவனத்தாரால் செய்யப்பட்டது. அதற்குமுன் அவர்கள் யந்திரத்தையும் அடிச்சட்டத்தையும் மட்டும் விற்பார்கள். மேற்கூட்டை வேறு தச்சர்கள் கட்டுவார்கள். மேற்கூட்டோடு முழு வண்டியாகத் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தது முதன்முதல் இதுதான். ஆறு சிலிண்டர், 4257 கன சென்டிமீட்டர். காற்றும் பெட்ரோலும் புகும் வால்வு மேலே. புகை போகும் வால்வு பக்கவாட்டில். கியர்த் தடி ஓட்டுபவரின் வலக்கைப் பக்கம், கதவை ஒட்டி இருக்கும். முன்னிருக்கைகளின் முதுகில் மடக்கு மேசைகள் உண்டு. சிற்றுண்டி வைத்து உண்பதற்காம். ஆங்கிலேயர் வழக்கில் 1930-க்குப் பின் வந்த வண்டியை ‘விண்டேஜ்’ என்று சொல்லமாட்டார்கள். நம் நாட்டில் 2021-இல் வந்த விதியோ ஐம்பது ஆண்டு கடந்தாலே அந்தப் பட்டத்தைக் கொடுத்துவிடுகிறது. பழைய பதிவெண்ணையும் வைத்துக்கொள்ள விடுகிறது. அம்மையாருக்கு அதில் மகிழ்ச்சி. அந்த எண் அவருக்கு மனப்பாடம்.

மிஸ்திரி சாகிப் வந்ததும் சாவியைக் கேட்கவில்லை. விசைப்பொறியைத் தொடவும் விடவில்லை. நெடுநாள் நின்ற யந்திரத்தை உடனே சுழற்றுவது, பட்டினி கிடந்தவனுக்கு விருந்து வைப்பது போல என்றார். ஆறு பிளக்குகளையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் சிறிது எண்ணெய் விட்டு, இரண்டு நாள் ஊறவிட்டார். மூன்றாம் நாள் கைப்பிடி போட்டுச் சுற்ற, அரைச் சுற்று வந்தது. பின் முழுச் சுற்று. ஒரு வால்வு மட்டும் துரு ஏறிச் சிக்கிக் கொண்டது. எண்ணெய் விட்டு விட்டு, மரச் சுத்தியால் மெல்லத் தட்டியே அதை இளக்கினார். இதற்குள் ஒரு வாரம் போயிற்று.

இந்த வண்டியில் இன்றைய மில்லிமீட்டர் ஸ்பானர்கள் பொருந்தா. எல்லாம் விட்வொர்த் அளவு. பொருந்தாத ஸ்பானரைப் போட்டால் திருகின் மூலைகள் மழுங்கிப் போகும். மல்லிக் பஜாரிலே பழைய இரும்புக் குவியலில் ஒரு தொகுதி கிடைத்தது. விலை பேசுவதில் நான் தோற்றேன், மிஸ்திரி வென்றார்.

அடுத்தது பெட்ரோல். டாங்கியில் இருந்தது பெட்ரோல் அன்று, கோந்து. அதை வழித்துக் கழுவினோம். இந்த வண்டியில் பெட்ரோலை ஏற்றுவது மின்சாரப் பம்பு. சாவியைத் திருப்பியதும் ‘டக் டக்’ என்று விரைந்து ஒலிக்க வேண்டும். கார்புரேட்டர் நிரம்பியதும் ஒலி அடங்க வேண்டும். ஒலியே இல்லையானால் பாயின்டில் களிம்பு, அல்லது எர்த்துக் கம்பி துரு. ஓயாமல் ஒலித்தால் எங்கோ காற்று உறிஞ்சுகிறது, அல்லது டாங்கி காலி. எங்களுக்கு ஒலியே இல்லை. பாயின்டுகள் கருகியிருந்தன. அந்தப் பையன் எந்தப் பரணிலிருந்து தேடினானோ, பொருத்தமான ஒரு ஜோடியை மூன்றாம் வாரம் கொண்டுவந்து தந்தான். கார்புரேட்டரில் ஊசித் துவாரத்தைச் சுற்றியுள்ள தக்கை வளையங்கள் காய்ந்து சுருங்கிப் பெட்ரோலைக் கசியவிட்டன. அவை எங்குமே கிடைக்கவில்லை. தக்கைப் பலகையில் வெட்டி, எண்ணெயில் ஊறவைத்துப் பொருத்தினார் மிஸ்திரி. இப்போது நம் பெட்ரோலில் இருபது சதவீதம் வரை எத்தனால் கலந்து வருவதால் பழைய ரப்பர்க் குழாய்கள் விரைவில் இளகிவிடுகின்றன. அவற்றையெல்லாம் அதைத் தாங்கும் புதுக் குழாயாக மாற்றச் சொன்னார். பழைய வண்டி வைத்திருக்கும் அன்பர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மார்கழி பிறந்த மூன்றாம் நாள் யந்திரம் பேசியது. பேசியது என்றுதான் சொல்ல வேண்டும். அவ்வளவு தாழ்ந்த குரல். அம்மையார் மேல்மாடி ஜன்னலுக்கு வந்தார், இறங்கி வரவில்லை.

மகிழ்ச்சி மறுநாளே ஆவியாயிற்று. கரியாஹாட் சந்தியில் ரேடியேட்டர் கொதித்து, நடுத்தெருவில் வெண்புகையோடு நின்றோம். டிராம் ஓட்டி மணியை அடித்தார். ஊரார் யோசனை சொன்னார்கள். மிஸ்திரி ரேடியேட்டரின் உட்கூட்டையே புதிதாகக் கட்ட வேண்டும் என்றார். அதற்கு ஆகும் பணமும் நாளும் அம்மையாரிடம் இல்லை. எடைக்கு எடுப்பவர் அன்று மாலையே வந்து, வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார்.

அன்றிரவு நோட்டுப் புத்தகத்தைப் புரட்டினேன். 1974, வைகாசிப் பக்கத்தில் இருந்தது: ‘கொதிப்பு. ரேடியேட்டர் குற்றமில்லை. கடைசி இரண்டு சிலிண்டர் பக்கம் தண்ணீர் ஓடவில்லை. அடைப்புத் தட்டைக் கழற்றிச் சேறு எடுத்தேன். ஒன்றரைப் படி.’

காலையில் அதை மிஸ்திரிக்கு இந்தியில் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசாதிருந்து, “உங்கள் வாலித் சாகிப் என்னைவிடப் பெரிய உஸ்தாத்” என்றார். யந்திரத்தின் பின்புறத் தட்டைக் கழற்றினார். ஐம்பது ஆண்டின் துருவும் சுண்ணாம்பும் களிமண்ணாக இறுகியிருந்தன. கம்பியால் குத்திக் குத்தி எடுத்தோம். தலைப்பகுதி அலுமினியம் ஆதலால் அரிப்புத் தடுக்கும் மருந்து கலந்த நீரை ஊற்றினோம். அதன்பின் கொதிப்பு வரவில்லை.

பிரேக் விஷயம் விசித்திரமானது. முன்சக்கரங்களுக்கு எண்ணெயின் அழுத்தம். பின்சக்கரங்களுக்கு இரும்புக் கம்பி. மிதியை அழுத்தினால், கியர்ப் பெட்டியோடு சுழலும் உராய்வுத் தட்டு ஒன்று வண்டியின் ஓட்டத்தையே உதவிக்கு வாங்கிக்கொண்டு பிரேக்கை இழுக்கும். ஆகையால் ஓடும் வண்டியில்தான் அது முழு வேலை செய்யும். எங்கள் வண்டியில் கியர்ப் பெட்டி எண்ணெய் கசிந்து அந்தத் தட்டை வழுக்கலாக்கி இருந்தது. தந்தையாரின் குறிப்பு அதற்கும் உண்டு: ‘நிற்கும் வண்டியில் பிரேக்கைச் சோதிப்பது வீண்.’ கசிவை அடைத்து, தட்டுக்குப் புது உறை போட்டு, முன்சக்கர ரப்பர் வளையங்களை மாற்றியதும் சரியாயிற்று.

உள்ளலங்காரத்துக்காக ஊர் முழுதும் சுற்றினேன். முகப்புப் பலகையின் வால்நட் மரத் தகடு வங்காள மழைக்காலங்களில் ஈரமேறி உப்பியிருந்தது. லால்பஜாருக்கு வடக்கே ரவீந்திர சரணியில் ஆர்மோனியமும் சிதாரும் செய்யும் கடைகள் இருக்கின்றன அல்லவா? அங்கே ஒரு கைவினைஞர் மெல்லிய தகட்டை ஊசியால் உயர்த்தி, அடியில் பசை செலுத்தி, இளஞ்சூட்டில் பாரம் வைத்துப் படியவைத்தார். மோட்டார் ஆசாரி யாரும் அவ்வளவு பொறுமை காட்டியிருக்க மாட்டார். கூரைத் துணியைப் பூச்சி அரித்திருந்தது. அதை மாற்ற வேண்டியதாயிற்று.

இருக்கைத் தோலில்தான் விவாதம். மல்லிக் பஜாரில் இரண்டு நாளில் பளபளக்கும் ரெக்ஸின் போட்டுத் தருவதாகச் சொன்னார்கள். மிஸ்திரியும் அதற்கு இசைந்தார். நான் இசையவில்லை. புதுத்தோல் என்றும் போடலாம். பழைய தோல் போனால் போனதுதான். பென்டிங் தெருவில் தலைமுறையாகச் செருப்புத் தைக்கும் சீனர் ஒருவரிடம் காட்டினேன். மெல்லிய சோப்பு நீரைத் துணியில் பிழிந்து துடை, நிழலில் உலர்த்து, பூஞ்சை போனபின் தோல் மெழுகைக் கையால் தேய், கிழிசலுக்கு மேலே ஒட்டாதே, அடியில் துணி கொடுத்து ஒட்டு என்றார். அவர் சொன்னபடியே என் மனைவியும் நானும் நான்கு மாலைகள் செய்தோம். விரிசல்கள் மறையவில்லை, ஆனால் தோல் மறுபடி மிருதுவாயிற்று. வலப்பக்க மடக்கு மேசையில் ஒரு மைக்கறை இருந்தது. பள்ளிக்குப் போகும் வழியில் வீட்டுக் கணக்கு எழுதியபோது சிந்தியதாம். “அதைத் துடைக்க வேண்டாம்” என்றார் அம்மையார்.

பொங்கலுக்கு நான்கு நாள் முன்பு, ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை, வாங்குபவர் ரெட் ரோட்டில் ஓட்டிப் பார்த்தார். மைதானத்தில் மூடுபனி. நான் பின்னிருக்கையில், அம்மையார் பக்கத்தில். அதற்குமுன் ஒரே முறை, எட்டு வயதில் ஜுரம் கண்டபோது, அந்த இருக்கையில் படுத்து ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறேன். அவர் மிதியை அழுத்தினார். ஒரு கணம் தயங்கி, வண்டி நேராக நின்றது. பேசிய தொகையைக் குறைக்காமல் கொடுத்தார்.

பிறகு நோட்டுப் புத்தகத்தையும் கேட்டார். வண்டியின் சரித்திரம் வண்டியோடு இருப்பதுதான் முறை என்று அவர் சொன்னது நியாயமே. நான் கொடுக்கக் கையை நீட்டினேன். அம்மையார் தடுத்து, “வண்டி எங்களுடையது, விற்றேன். புத்தகம் காக்கூவினுடையது, அதை நான் எப்படி விற்பது?” என்றார். முடிவில், முழுவதையும் ஆங்கிலத்தில் பெயர்த்து அனுப்புவதாக நான் ஒப்புக்கொண்டேன்.

தினம் இரண்டு பக்கமாக இப்போது 1968 வரை வந்திருக்கிறேன். சென்ற வாரம் அவர் தொலைபேசியில் அழைத்து, பம்பின் ஒலி நிற்கவே இல்லை, என்ன செய்வது என்று கேட்டார். சற்றுப் பொறுக்கச் சொல்லிவிட்டுக் கண்ணாடியை எடுத்து வந்து பக்கங்களைப் புரட்டினேன். 1966 ஐப்பசியில் இருந்தது. ‘முதலில் டாங்கியில் பெட்ரோல் இருக்கிறதா என்று பார்’ என்று படித்துச் சொன்னேன்.