யாய்ஸு என்னும் மீன் நகரம்

ஜப்பானுக்கு யாத்திரை போகிறவர்கள் தோக்கியோவைப் பார்க்கிறார்கள். கியோத்தோவின் கோயில்களைத் தரிசிக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவே அதிவேக ரயிலின் ஜன்னல் வழியாக ஃபூஜி மலை தென்படுகிறதா என்று கழுத்தை வளைத்துப் பார்த்துவிட்டுத் திருப்தி அடைகிறார்கள். அந்த வழியிலேயே, கடலுக்கும் குன்றுகளுக்கும் இடையே ஒதுங்கியிருக்கும் யாய்ஸு என்னும் ஊரில் இறங்குகிறவர்கள் மிகச் சிலர். அதிவேக ரயில் அங்கே நிற்பதும் இல்லை. ஆயினும் ஜப்பானியரின் சமையலறைக்கு ருசி எங்கிருந்து வருகிறது, அவர்களுடைய மனத்தில் ஆறாத வடு ஒன்று எப்படி விழுந்தது என்ற இரண்டையும் ஒரே நாளில் அறிய விரும்புகிறவர்கள் இந்தச் சிறு நகரத்துக்குத்தான் வரவேண்டும்.

தோக்கியோவிலிருந்து ஷிஸுவோக்கா வரையில் ஒரு மணி நேரப் பிரயாணம். அங்கே சாதாரண ரயிலுக்கு மாறினால், சுரங்க வழியாகக் குன்றைக் கடந்து கால் மணிக்குள் யாய்ஸுவில் இறங்கிவிடலாம். ஜனத்தொகை ஏறக்குறைய 1,35,000. எதிரே விரிந்து கிடப்பது ஸுருகா வளைகுடா. கரையிலிருந்து சிறிது தூரத்திலேயே கடல் அதல பாதாளமாக இறங்கிவிடுகிறது; அதிக பட்ச ஆழம் சுமார் 2,500 மீட்டர். ஜப்பானிய வளைகுடாக்களில் இதை விட ஆழமானது வேறு இல்லை. வானம் தெளிந்த குளிர்கால நாட்களில், அந்த நீலப் பரப்புக்கு அப்பால் வெண்பனி முடி தரித்த ஃபூஜி மலை தோன்றும் காட்சியை எவ்வளவு நேரம் பார்த்தாலும் அலுப்பதில்லை.

ஊரின் பெயருக்கு ஒரு புராணக் கதை உண்டு. யமாத்தோ தக்கேரு என்ற ராஜகுமாரனைப் பகைவர்கள் புல்வெளி ஒன்றுக்கு வஞ்சகமாக அழைத்துச் சென்று, சுற்றிலும் தீ வைத்தார்களாம். அவன் தன்னைச் சுற்றியிருந்த புல்லை வாளால் அறுத்தெறிந்து, எதிர்த் தீ மூட்டிப் பகைவர்களையே எரித்தான். அதனால் அந்த இடத்துக்கு "எரிந்த துறை" என்று பெயர் வந்தது. அந்த வீரனுக்கு ஊர் நடுவே கோயில் இருக்கிறது. ஆகஸ்டு மாதத்தில் ஆர்ப்பாட்டமான திருவிழாவும் நடக்கிறது.

விடியற்காலையில் துறைமுகத்துக்குப் போய் நின்றேன். பெரிய கப்பல் ஒன்றின் வயிற்றிலிருந்து சூரை மீன்களை இறக்கிக்கொண்டிருந்தார்கள். மீன் விழுகிற சத்தத்துக்குப் பதிலாக, விறகுக் கடையில் கட்டைகள் மோதுவது போன்ற 'கடகட' ஓசை கேட்டது. வெகு தூரத்துத் தென் கடல்களில் பிடித்து, கப்பலிலேயே கடுங்குளிரான உப்பு நீரில் உறைய வைத்துக் கொண்டு வந்த மீன்கள் அவை. ஓடும் பட்டையின் இரு பக்கமும் நின்ற தொழிலாளர்கள், எடையைக் கண்ணால் அளந்தே தரம் பிரித்துத் தள்ளினார்கள். கூச்சல் இல்லை, ஓட்டமும் இல்லை. ஆனால் ஒரு கை கூட ஒரு கணம் சும்மா இருக்கவில்லை.

நகரத்துக்கு மூன்று துறைகள். யாய்ஸுத் துறையில் தூர தேசத்துச் சூரை. கொகாவாத் துறையில் கரையோரத்துக் கானாங்கெளுத்தி. தெற்கே ஓயிகாவாத் துறையில் வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் மட்டும் பிடிக்கப்படும் ரோஜா நிறச் சிற்றிறால். இந்த இறாலை ஜப்பானியர்கள் செர்ரிப் பூவின் பெயரால் "ஸகுரா எபி" என்று அழைக்கிறார்கள்.

இந்த ஊரின் கைத்தொழில்களில் தலைமையானது "கத்ஸுவோபுஷி." சூரையை அவித்து, முள் நீக்கி, ஓக் முதலிய விறகின் புகையில் நாள் கணக்கில் மீண்டும் மீண்டும் வாட்டுகிறார்கள். உயர்ந்த ரகமானால் அதன் மேல் ஒருவித நல்ல பூஞ்சணத்தைப் பிடிக்கச் செய்து, வெயிலில் காய வைத்து, மறுபடி பூஞ்சணம் ஏற்றி, மாதக் கணக்கில் பக்குவப்படுத்துகிறார்கள். முடிவில் மீன் தன் எடையில் ஆறில் ஒரு பங்காகச் சுருங்கி, தட்டினால் 'டங்' என்று ஒலிக்கும் கட்டையாகிவிடுகிறது. அதைத் தச்சனின் இழைப்புளி போன்ற கருவியில் சீவி, அந்தச் சீவல்களை வெந்நீரில் இட்டு எடுக்கும் சாறுதான் ஜப்பானியச் சமையலுக்கு ஆதாரம். 1913-ம் வருஷத்தில் கொதாமா ஷின்தாரோ என்ற விஞ்ஞானி, இதன் ருசிக்குக் காரணமான இனோஸினிக் அமிலத்தைக் கண்டறிந்தார்.

தூத்துக்குடியிலும் இலங்கையிலும் உள்ள நேயர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. மாலத்தீவிலிருந்து வரும் மாசிக் கருவாடும் அதே சூரையை அவித்து, புகையிட்டு, உலர்த்திச் செய்வதுதான். சுத்த சைவர்களுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை: நமது ரஸத்தைப் போல் தெளிவாக, மீனின் அடையாளமே இல்லாமல் ஜப்பானில் எதிரே வைக்கப்படும் சாற்றிலும் இந்தச் சூரை மறைந்திருக்கக் கூடும்!

யாய்ஸுவின் அலைகளில் மனத்தைப் பறிகொடுத்த அந்நியர் ஒருவர் உண்டு. கிரேக்கத் தாய்க்கும் ஐரிஷ் தந்தைக்கும் பிறந்த லாப்காடியோ ஹெர்ன், ஜப்பானியப் பிரஜையாகி, கொயிஸுமி யாகுமோ என்று பெயர் பூண்டவர். தோக்கியோ சர்வகலாசாலையில் ஆசிரியராயிருந்த அவர், 1897 முதல் 1904-ல் தாம் காலமாகும் வரையில் பல கோடைகளை இங்கே கழித்தார். தங்கியது மாளிகையில் அல்ல. ஒத்தோகிச்சி என்ற மீன் வியாபாரியின் மாடியறையில். அந்த வீட்டில் ஒரு தருமா பொம்மை இருந்தது. அதற்கு ஒரு கண் மட்டுமே எழுதப்பட்டிருந்தது. வீட்டுக்கு நல்ல காலம் பிறந்தால்தான் மறு கண் எழுதுவது வழக்கம். ஹெர்ன் தாராளமாகப் பணம் கொடுத்துக் கணக்குத் தீர்த்தபின் பார்த்தால், பொம்மைக்கு இரண்டு கண்களும் இருந்தனவாம்! தருமா என்பவர் வேறு யாரும் இல்லை. காஞ்சியிலிருந்து சீனம் சென்றவர் என்று மரபு கூறும் போதி தருமர்தான். ஹெர்னின் ஞாபகமாக நகரசபை 2007-ல் ஒரு மண்டபம் திறந்திருக்கிறது.

அந்த மண்டபத்தின் அருகிலேயே நகரத்துப் பொருட்காட்சிசாலை. அங்கே பேச்சு அடங்கிவிடுகிறது.

1954-ம் வருஷம் ஜனவரி 22-ந் தேதி யாய்ஸுவிலிருந்து ஒரு மரக் கப்பல் சூரை பிடிக்கப் புறப்பட்டது. நிறை 140 டன். பெயர் "ஐந்தாவது ஃபுகுரியு மாரு"; 'பாக்கிய நாகம்' என்று பொருள் சொல்லலாம். அதில் இருந்தவர்கள் 23 பேர், பெரும்பாலோர் வாலிபர்கள். மார்ச்சு 1-ந் தேதி விடியுமுன், மேற்கு வானத்தில் சூரியன் உதித்தது போன்ற ஒளியைக் கண்டார்கள். 160 கிலோ மீட்டருக்கு அப்பால், பிகினித் தீவில், அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டைச் சோதித்த ஒளி அது. ஹிரோஷிமாக் குண்டைப் போல் சுமார் ஆயிரம் மடங்கு வலிமை. அமெரிக்கர் வகுத்திருந்த அபாய எல்லைக்கு வெளியேதான் கப்பல் இருந்தது. சில மணி நேரத்தில் வெண்பனி போல் ஏதோ வானத்திலிருந்து பெய்தது. குண்டினால் பொடியாகிய பவழப் பாறையின் விஷத் துகள் அது என்று அறியாமல், அதில் நனைந்தபடியே மணிக்கணக்காகத் தூண்டில் கயிறுகளை இழுத்தார்கள்.

மார்ச்சு 14-ந் தேதி முகம் கறுத்து, உடல் வெந்து, ஊர் திரும்பினார்கள். தேசமே திகைத்தது. அவ்வருஷ முடிவுக்குள் எண்ணூறுக்கும் மேற்பட்ட படகுகளின் மீனில் விஷம் கண்டு அவற்றை அழித்தார்கள். மீன் கடைகளில் ஈ ஆடவில்லை. செப்டம்பர் 23-ந் தேதி, கப்பலின் தந்திக்காரர் குபொயாமா ஐகிச்சி, நாற்பதாவது வயதில் ஆஸ்பத்திரியில் உயிர் நீத்தார். அணுகுண்டுக்கு இரையாகும் கடைசி மனிதன் தானாகவே இருக்கவேண்டும் என்பது அவர் விருப்பம்.

மறு வருஷம் அமெரிக்கா இருபது லட்சம் டாலர் கொடுத்து விவகாரத்தை முடித்துக்கொண்டது. குற்றத்தை ஒப்புக்கொண்டு கொடுத்த பணம் அல்ல, கருணைத் தொகை! அந்தப் பணத்தால் உயிர் பிழைத்தவர்கள் மீது சிலருக்குப் பொறாமை உண்டாயிற்று. நோய் ஒட்டிக்கொள்ளுமோ என்று அஞ்சியவர்களும் உண்டு. ஓயிஷி மதாஷிச்சி என்ற இளைஞர் ஊரை விட்டுத் தோக்கியோ சென்று சலவைக் கடை வைத்துப் பிழைத்தார். வெகு காலம் மௌனமாக இருந்தவர், பிற்காலத்தில் பள்ளிப் பிள்ளைகளிடம் தம் கதையைச் சொல்லத் தொடங்கி, 2021-ல் காலமாகும் வரையில் சொல்லி வந்தார். கப்பலும் இப்போது தோக்கியோவில்தான் இருக்கிறது. குப்பை மேட்டுக்குப் போகவிருந்ததை ஜனங்கள் மீட்டு, 1976-ல் திறந்த மண்டபத்தில் பாதுகாக்கிறார்கள். யாய்ஸுவில் இருப்பது குபொயாமாவின் சமாதி. ஒவ்வொரு மார்ச்சு 1-ந் தேதியும் ஜனங்கள் அங்கே மலருடன் நடந்து செல்கிறார்கள்.

அந்தச் சம்பவத்தின்போது ஜப்பானியரின் துயரத்தைத் தம் துயரமாகக் கொண்டவர்களில் நம் நாட்டினரும் இருந்தார்கள். 1954 ஏப்ரல் 2-ந் தேதி, நேருஜி பார்லிமெண்டில் அணுச் சோதனைகளை உடனே நிறுத்தி வைக்கவேண்டும் என்று உலகத்துக்கு அறைகூவினார். 1962-ல் ராஜாஜி 83-வது வயதில் கடல் கடந்து சென்று, ஜனாதிபதி கென்னடியிடம் அதையே வற்புறுத்தினார். 1963-ல் வல்லரசுகள் மூன்று, வானிலும் கடலிலும் சோதனை செய்வதில்லை என்று உடன்படிக்கை செய்தன. இவற்றை நினைத்துப் பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால் பொக்ரான் மணலுக்கு அடியில் 1974-லும் 1998-லும் நாமே குண்டு வெடித்தோம் என்பதையும் அதே மூச்சில் நினைக்க வேண்டியிருக்கிறது. தேசத்தின் பாதுகாப்புக்கு அது அவசியம் என்போர் உண்டு. அவர்களுடைய வாதம் எளிதில் தள்ளத்தக்கதும் அல்ல. எனினும் அந்த வாதத்தைச் செய்கிறவர்கள் ஒரு தடவை யாய்ஸுவின் சமாதி முன் நின்றுவிட்டு வந்து செய்வது நல்லது.

இன்றும் யாய்ஸுவின் கப்பல்கள் தென் கடலுக்குப் போகின்றன. புகைக் கொட்டகைகளில் சூரை கறுக்கிறது. கடலை நம்பிப் பிழைக்கிறவனுக்கு எல்லைக் கோடுகள் வரைபடத்தில் மட்டுமே உண்டு; காற்றும் நீரோட்டமும் மீனும் அவற்றை அறியா. நம் கோடிக்கரையிலும் ராமேசுவரத்திலும் வலை இழுக்கிறவர்களைக் கேட்டாலும் இதையே சொல்வார்கள். வல்லரசுகளுக்கு அது இன்னும் தெரியவில்லை.