துருப்பிடித்த பல்லும் தும்பைப்பூ பல்லும்

ரெண்டு வாரமா இந்தப் பக்கமே வரலை. ஆபீஸ்ல ஆணி அதிகம்னு நெனைச்சிருப்பீங்க. இல்லை மக்களே, பல்லுல ஓட்டை.

ரெண்டு வருஷம் முன்னாடி கடைவாய்ப் பல்லில் சொத்தை என்று ஒரு கிளினிக்கில் பல் நிறத்திலேயே அடைத்துக்கொண்டேன். காம்போசிட். தும்பைப்பூ மாதிரி இருந்தது. போன மாசம் ஐஸ் தண்ணி குடிச்சதும் உச்சி வரைக்கும் சுரீர். வேறொரு டாக்டரம்மா எக்ஸ்ரே பார்த்துவிட்டு, "அடைச்சது உடையலை தம்பி. பல்லுக்கும் அதுக்கும் நடுவுல இடுக்கு விழுந்து அடியில மறுபடி சொத்தை. நரம்பைத் தொட்டுடுச்சு" என்றார். ரூட் கெனால்!

வீட்டுக்கு வந்தால் அம்மா வாயைத் திறந்து காட்டி வெறுப்பேத்தறாங்க. நான் ஒண்ணாப்பு படிக்கும்போது அடைச்ச வெள்ளி, இன்னும் கல்லு மாதிரி இருக்கு. "கருப்பா அசிங்கமா இருக்குன்னியே?"

அடுத்த தடவை டாக்டரம்மாவிடமே கேட்டேன். அந்த வெள்ளியின் பேர் அமால்கம். பாதி பாதரசம், மீதி வெள்ளி, தகரம், செம்புத் தூள். அது பல்லோடு ஒட்டவே ஒட்டாதாம். புதுசில் ஓரமெல்லாம் கசியும். எச்சில் பட்டுப்பட்டு மெல்ல அரிக்கும். அந்த அரிப்பில் வரும் கசடே நாளடைவில் இடுக்கை அடைத்துவிடும். சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் வேலை பார்க்கும் அப்பாவிடம் இதைச் சொன்னால் ஆச்சரியமே படலை. "துருப்புடிச்ச போல்ட்டு ஸ்பேனருக்கு அசையுமாடா?"

காம்போசிட் கதையே வேறு. பாஸ்பாரிக் அமிலத்தால் எனாமலைச் சொரசொரப்பாக்கி, அதில் பசையைப் பிடிக்க வைப்பார்கள். 1955-ல் புவோனோகோர் காட்டிய வழி. ஆனால் நீல வெளிச்சத்தில் இறுகும்போது காம்போசிட் சுமார் 2-3% சுருங்கும். பிடிப்பு பலவீனமான ஓரத்தில் பிய்த்துக்கொள்ளும். ஒட்டும் நேரத்தில் எச்சில் பட்டாலும் போச்சு. கிருமியின் அளவு ஒரு மைக்ரான்தான். நம் கண்ணுக்குத் தெரியாத இடுக்கு அதுக்கு ஜிஎஸ்டி ரோடு. அதனால்தான் ரப்பர் ஷீட் மாட்டி ஈரம் படாமல், ரெண்டு மில்லிமீட்டர் அடுக்கடுக்காக வைப்பது வழக்கம். எனக்குப் பஞ்சு மட்டும்தான் வைத்தார்கள், ஒரே அடுக்கு. பத்து நிமிஷத்தில் முடிந்ததே என்று அன்னிக்கு சந்தோஷப்பட்டவன் நான்தான்.

மூணாவது கிளாஸ் அயனோமர். 1970-களின் தொடக்கத்தில் லண்டனில் வில்சனும் கென்ட்டும் கொண்டுவந்தது. பல்லிலுள்ள கால்சியத்தோடு ரசாயனமாகவே பிணையும், ஃபுளோரைடும் கசியவிடும். ஆனால் கடைவாயில் அரைபட்டால் சீக்கிரம் தேயும்.

அப்போ அம்மா கட்சியா? அதுவும் முடியாது. பாதரசத்தைக் குறைக்க 2013-ல் மினமாட்டா ஒப்பந்தம் வந்தாச்சு. ஐரோப்பிய யூனியனில் 2025 ஜனவரியிலிருந்து, தவிர்க்க முடியாத மருத்துவக் காரணம் இருந்தாலொழிய அமால்கம் கிடையாது. அம்மாவுடையது நல்லா இருப்பதால் தோண்ட வேண்டாம் என்றார் டாக்டரம்மா.

நம்ம பாஷையில் சொன்னால், ரெண்டு மாட்யூலும் ஓகே, இன்டர்ஃபேஸ்லதான் பக். நான் டெஸ்ட் பண்ணாம ரிலீஸ் பண்ணிட்டேன் :(

டிஸ்கி: அடுத்த தடவை பல் அடைக்கப் போனால் கலரை மட்டும் கேக்காதீங்க. "ஈரம் படாம எப்படிப் பாத்துப்பீங்க?"ன்னும் கேளுங்க.