ஐந்து வாற்று

திருகோணமலை உட்துறைமுக வீதியிலே, இளைஞனொருவன் புளூஸ் வாசிப்பதற்கு வால்வுக் கிற்றார் விரியலாக்கியொன்றைத் தேடினான். விரும்பியது 50 வாற்று. கைப்பணமோ 5 வாற்றுக்கே போதுமானது. கடன்படுவதா?

முதிய வானொலித் திருத்துநர் கூறினார்: "தம்பி, வலு பத்து மடங்காயினும் செவிக்கு ஓசை ஏறத்தாழ இரு மடங்கே. வால்வு தன் எல்லையை எட்டும்போதே அந்த இனிய கரகரப்புப் பிறக்கும். பெரியதை அவ்வெல்லைக்கு உயர்த்தினால் அயல் பொறுக்குமா? 1970 இல் எரிக் கிளாப்டன் 'லைலா' தொகுப்பின் பதிவுக்குச் சிறிய ஃபெண்டர் சாம்ப் ஒன்றைக் கையாண்டார். அமெரிக்கச் சந்தைக்கான கருவியாயின் 120 வோற்று. நம் நாட்டு மின்வழங்கலோ 230. மின்மாற்றியின் விலையையும் கூட்டிப்பார்."

அவன் கடன்படவில்லை. 230 வோற்றுச் சிறு கருவியொன்று வீடு வந்தது. அன்று மாலை முதற்சுரம் கரகரத்தபோது, அயலவர் எவரும் சாளரத்தைச் சாத்தவில்லை.