மணலைப் பிடித்திருக்கும் காடு

கோட்ஸ்கா சாண்டோன் தீவுக்குத் துறைமுகம் கிடையாது. ஸ்டாக்ஹோமுக்குத் தெற்கே நீநெஸ்ஹாம்னில் படகு ஏறும்போதே சொல்லிவிடுகிறார்கள், எந்தக் கரையில் இறங்குவோம் என்பதைக் காற்றுதான் முடிவு செய்யும் என்று. நாங்கள் போன அன்று மேல்காற்று. படகு தீவைச் சுற்றிக்கொண்டு கிழக்குக் கரைக்குப் போய், முகப்பு மணலில் முட்டும்படி நின்றது. பலகையை இறக்கினார்கள். மூட்டை முடிச்சுகள் டிராக்டரில் போயின. நாங்கள் பைன் காட்டு வழியாக நடந்தோம்.

ஸ்வீடனுக்குச் சொந்தமான இத்தீவு, கோட்லாந்தை ஒட்டிய ஃபோரோ தீவிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் வடக்கே, பால்டிக் கடலில் தன்னந்தனியே கிடக்கிறது. பரப்பு ஏறத்தாழ 36 சதுர கிலோமீட்டர். ஸ்டாக்ஹோம் பக்கத்துத் தீவுகளெல்லாம் கருங்கல் பாறைகள். கோட்லாந்து சுண்ணாம்புக் கல். இங்கோ எங்கு தோண்டினாலும் மணலும் சரளையும்தான். பனியுகத்தின் பெரும் பனிப்படலம் உருகியபோது விட்டுச்சென்ற படிவு அது. பனியின் பாரம் இறங்கியதும் அமுங்கிக் கிடந்த நிலம் மெல்ல எழும்பியது. கடலடியிலிருந்த மணல்மேட்டின் உச்சி வெளியே வந்து தீவாயிற்று. மேட்டின் பெரும்பகுதி இன்னும் நீருக்குள்தான். வடக்கே நீளும் கொப்பர்ஸ்டெனர்னா திட்டில் தட்டி உடைந்த கப்பல்கள் பல. 1864-இல் இந்தத் தீவின் கரையில் சிக்கிய ரஷ்யக் கப்பலில் இறந்தவர்களுக்கு இங்கேயே ஒரு கல்லறைத் தோட்டம் இருக்கிறது.

மணலால் ஆன தீவு எப்படி நிலைத்து நிற்கிறது? காட்டுக்குள் நுழைந்தால் விடை தெரியும். வயதான பைன் மரங்கள், காற்றுக்கு வளைந்தும் முறுக்கியும் நிற்கின்றன. அவற்றின் அடியில் சாம்பல்வெள்ளை நிறத்தில் லைக்கன் விரிப்பு. மண்டியிட்டுப் பார்த்தேன். விரல் உயரத்தில் நூறு கிளைவிட்ட குட்டிப் புதர்கள். வெயில் நாளில் கால் பட்டால் அப்பளம்போல நொறுங்கிவிடும். ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர்தான் வளரும் என்பதால், ஒரு காலடித் தடம் ஆறப் பல ஆண்டுகள் ஆகும். இந்த மெல்லிய விரிப்பும் அதன்கீழ் பின்னிக் கிடக்கும் வேர்களும்தான் மணலைக் காற்றில் பறக்காமல் பிடித்து வைத்திருக்கின்றன.

பிடி தளர்ந்தால் என்னவாகும் என்பதையும் இந்தத் தீவு கண்டிருக்கிறது. 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் இங்கே ஆடுகளை மேய விட்டார்கள்; மரங்களை வெட்டிக் கொண்டுபோனார்கள். தரை திறந்தது, மணல் கிளம்பியது. மேடுகள் நகர்ந்து வந்து உயிருள்ள மரங்களையே மூடின. பிறகு கடலோரப் புற்களை நட்டு மணலைக் கட்ட வேண்டியதாயிற்று. அந்தப் புல்லை மணல்மேட்டில் பார்த்தேன். மணல் மூட மூட, அது மேலே புதுக் கணு விட்டு எழுகிறது. அடியில் வேர் வலையாகப் படர்கிறது.

1909-இல் ஸ்வீடன் ஒன்பது தேசியப் பூங்காக்களை அறிவித்தது. ஐரோப்பாவின் முதல் தேசியப் பூங்காக்கள் அவை. இந்தத் தீவின் ஒரு பகுதியும் அந்த ஒன்பதில் ஒன்று. 1963-இல் தீவு முழுவதும் பூங்காவாயிற்று. இன்று விழுந்த மரத்தை யாரும் அகற்றுவதில்லை. பட்டுப்போன ஒரு பைன் மரத்தின் அடியில், பெருவிரல் நுழையும் அளவுக்கு நீள்வட்டத் துளைகள் இருந்தன. ஐந்து சென்டிமீட்டர் வரை வளரும் ஒருவகை நீள்கொம்பு வண்டு வெளியேறிய வழி அது. அதன் புழு பட்ட மரத்துக்குள் பல ஆண்டுகள் வாழ்ந்துதான் வண்டாகிறது. ஸ்வீடனில் இந்த வண்டைக் காணக்கூடிய இடங்கள் மிகச் சில. விறகென்று நாம் நினைக்கும் மரம் இன்னொரு உயிருக்கு வீடு.

கரையில் கடல்நீரை நாக்கில் வைத்துப் பார்த்தேன், லேசாகத்தான் கரித்தது. பெருங்கடலின் உப்பில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் இங்கே. பல ஆறுகள் கலக்கும் இக்கடல், குறுகிய நீரிணைகள் வழியாகத்தான் வெளிக்கடலோடு சேர்கிறது. அதனால் இதில் சேரும் நஞ்சு எளிதில் வெளியேறாது. தீவின் முனையில் கூட்டமாகக் கிடந்த சாம்பல் சீல்கள் அதற்குச் சாட்சி. வேட்டையில் குறைந்துபோன இவ்வினம், தொழிற்சாலைகளின் பிசிபி நஞ்சு உடலில் சேர்ந்ததால் குட்டி ஈனும் திறனையும் இழந்து, 1970-களில் சில ஆயிரங்களாகச் சுருங்கியது. வேட்டையைக் கட்டுப்படுத்தி, பிசிபியைத் தடை செய்த பிறகு மீண்டது. இன்று பால்டிக்கில் பல்லாயிரம் சீல்கள் உள்ளன. மனிதன் கையை எடுத்தால் இயற்கை திரும்பி வரும் என்பதை இதைவிடத் தெளிவாக நான் எங்கும் கண்டதில்லை.

கோடைக்காலத்தில் நீநெஸ்ஹாம்னிலிருந்தும் ஃபோரோசுண்டிலிருந்தும் படகு உண்டு. தீவில் கடை இல்லை. சாப்பாட்டைக் கையோடு கொண்டுபோக வேண்டும். போகிறவர்களிடம் ஒரே வேண்டுகோள்: பாதையை விட்டு இறங்காதீர்கள். அந்த மணலுக்கு வேறு பிடிமானம் இல்லை.