கானகத்து விற்பயிற்சி

கொல்லிமலைத் தலைவன் வல்வில் ஓரியைப் பாடிய வன்பரணர், ஒரே கணை யானையைக் கொன்று, புலியையும் மானையும் பன்றியையும் ஊடுருவி, புற்றிலிருந்த உடும்பின்மீது தைத்து நின்ற செய்தியைப் புறநானூற்றில் வியந்து கூறுகின்றார். புலவர் போற்றிய அந்த ஊடுருவும் ஆற்றலே இன்று காட்டில் வில் பயில்வோர் முதற்கண் அஞ்சவேண்டுவது. எய்தவன் இலக்கை மட்டுமே காண்கின்றான். கணையோ இலக்கோடு நின்றுவிடுவதன்று.

ஒலிம்பிக் விளையாட்டில் வில்லாளர் வெட்டவெளியில் நின்று, 70 மீட்டருக்கு அப்பால் உள்ள, 122 சென்டிமீட்டர் விட்டமுடைய வட்ட இலக்கை நோக்கி எய்வர். அங்கே குறி தப்பிய கணை எங்கு வீழ்ந்தது என்பதை யாவரும் காண்பர். காட்டில் அவ்வாறில்லை. மரமும் புதரும் பார்வையை மறைக்கும். இலக்குக்குப் பின்னே ஒற்றையடிப் பாதை செல்லலாம். அதில் விறகு சுமந்து ஒருவர் வரலாம். ஆதலின் இலக்கின் பின்னே மண்மேடோ மலைச்சரிவோ அமையுமாறு இடம் தேர்கின்றனர். அத்தகைய இடத்தையும் உரியவர் இசைவு பெற்றே கொள்ளல் வேண்டும். நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வில்லையும் அம்பையும் ஆயுதம் என்றே கொள்கின்றது. சரணாலயத்தினுள் இசைவின்றி அவற்றைக் கொண்டு நுழைதல் குற்றமாகும்.

காட்டு வில்லாட்டத்திற்குரிய முதல் உலகப் போட்டி 1969இல் அமெரிக்காவில் நடைபெற்றது. இதில் 24 இலக்குகள் ஒரு வழியை ஒட்டி வரிசையாக நடப்பெறும். சிறு குழுவினராய் வில்லாளர் ஒவ்வோர் இலக்காக நடந்து சென்று, தரையில் அடித்த முளையருகே நின்று, இலக்கொன்றுக்கு மும்மூன்று கணைகள் எய்வர். இலக்கின் நடுவட்டம் மஞ்சள், சூழ்ந்தவை கருமை. நடுவிற் பட்டால் 6 புள்ளிகள். 72 கணைகளும் அங்கேயே பட்டால் 432. சில இலக்குகளுக்குத் தொலைவு எழுதப்பட்டிருக்கும், சிலவற்றிற்கு இராது. அளவு கருவி ஏதுமின்றிக் கண்ணாலேயே அதனை மதிப்பிடுதல் வேண்டும். நிழலும் பள்ளமும் கண்ணை ஏமாற்றும் இடத்தில் இஃது எளிதன்று.

சரிவு மற்றொரு வியப்பை உடையது. மேட்டை நோக்கி எய்பவன் கணையை உயர்த்தி விடவேண்டும் என்றும், பள்ளத்தை நோக்கி எய்பவன் தாழ்த்தி விடவேண்டும் என்றும் புதியவர் எண்ணுவர். உண்மையில் இரண்டிடத்தும் குறியைத் தாழ்த்தியே கொள்ளல் வேண்டும். புவியீர்ப்பு கணையைத் தாழ்த்தும் அளவு, பெரும்பாலும் கிடைத்தளத் தொலைவைப் பற்றியே அமையும். 30 பாகைச் சரிவில் 40 மீட்டர் தொலைவிலுள்ள இலக்குக்கு, ஏறத்தாழ 35 மீட்டருக்குரிய குறியே போதும். இதனை அறியாதார் எய்த கணைகள் இலக்கின் தலைக்கு மேலே பறந்து காட்டினுள் மறையும்.

அவ்வாறு மறையும் கணையை எண்ணியே விதிகள் பிறந்தன. முளையருகே வந்து, இலக்கும் அதன் சூழலும் தெளிவாகக் கண்ணுக்குப் புலப்பட்ட பின்னரே நாணில் கணை தொடுக்கலாம். இலக்கு இருக்கும் திசையன்றி வேறு எத்திசையிலும் நாணை இழுத்தல் ஆகாது. கை தவறி விட்டாலும் கணை காவல் எல்லையைக் கடவாதவாறே வில்லைப் பிடித்தல் வேண்டும். வானை நோக்கி எய்தல் அறவே கூடாது. மேலே சென்ற கணை யார் தலைமேல் இறங்கும் என்று எவரும் சொல்ல இயலாது. வந்த வழியே திரும்பி நடத்தலும் தவறு. பின்வரும் குழுவினரின் கணைகளுக்கு எதிரே செல்வதாக அது முடியும்.

காணாததை எய்யலாகாது என்னும் விதி நம் காப்பியத்திற் குருதியால் எழுதப்பட்டது. கண்ணிழந்த தாய்தந்தையர்க்காக மைந்தன் ஒருவன் நீர் முகந்தான். அவ்வொலியை யானையின் ஒலி என்று கருதித் தயரதன் கணை விடுத்தான். ஒலி வந்த திசை நோக்கி எய்தல் அக்காலத்தில் பெருந்திறனாகப் போற்றப்பட்டது. சப்தவேதி என்று அதற்குப் பெயரும் உண்டு. தயரதன் கணையும் குறி தப்பவில்லை. மைந்தன் மாண்டான், மகனைப் பிரிந்து உயிர்விடுமாறு தயரதனும் சபிக்கப்பெற்றான்.

எய்து முடிந்தபின் புள்ளிகளைக் குறிக்கும் வரையில் தைத்த கணைகளை எவரும் தொடார். பிடுங்குங்கால், பிடுங்குபவருக்குப் பின்னே ஒருவரும் நிற்றல் கூடாது. திடுமெனக் கழலும் கணையின் பின்முனை கண்ணைக் குத்திவிடும். தப்பிய கணை சருகின் அடியிலோ புல்வேர்களின் ஊடேயோ படிந்து கிடக்கும். விட்டுச் சென்றால் மேய வரும் மாட்டின் குளம்பில் ஏறும். ஆதலின் பொறுமையாகத் தேடுதல் வேண்டும். குழுவினர் இலக்கின் பின்னே குனிந்து தேடும்போது மரங்கள் அவர்களை மறைத்துவிடும். அப்பொழுது ஒருவர் மட்டும் தேடாமல் இலக்கின் முன்னே நிற்பார். அடுத்த குழு முளையருகே வந்துவிட்டாலும், அவர் விலகும் வரையில் அவர்களுடைய கணைகள் தூணியிலேயே இருக்கும்.