மயிலையில் ஒரு மரபு நடை

கோபுர தரிசனம் கோடி புண்ணியம் என்பர் பெரியோர். அக்கோபுரத்தைப் படமெடுக்கப் பழகுவதும் தரிசனத்தின் ஒரு பகுதியே என்பதை, சென்னை மயிலாப்பூரில் வழிகாட்டி ஒருவருடன் சென்ற மரபு நடை உணர்த்தியது.

கபாலீசுவரர் ஆலயத்தின் கீழைக் கோபுரத்தின் முன் காலையில் கூடினோம். ஏழு நிலைகளும் ஏறத்தாழ 120 அடி உயரமும் கொண்ட இக்கோபுரம் 1906இல் எழுந்தது. உச்சிவெயிலில் சுதைச் சிற்பங்களின் முகங்களில் நிழல் கறுத்துவிடும். இளவெயிலிலோ கண்ணும் இதழும் துலங்கும். அடியில் நின்று கைப்பேசியை அண்ணாந்து பிடித்தால், கோபுரம் பின்னோக்கிச் சாய்வதுபோல் படத்தில் பதியும். விலகி நின்று, கருவியை நிமிர்த்திப் பிடித்தல் வேண்டும்.

வீதியின் நெருக்கத்தில் அரிதான அவ்விலகல், திருக்குளத்தின் மேலைக் கரையில் எளிதாயிற்று. நீர்ப்பரப்புக்கு அப்பால் மேலைக் கோபுரம் முழுமையாய்த் தெரிந்தது. ஆயினும் காலைக் கதிரவன் அதன் பின்னே இருந்தான். மேற்கு நோக்கி அருளும் ஈசனின் வாயிலுக்கு மாலை ஒளியே உகந்தது.

கருவறையில் கருவிக்கு இடமில்லை. அங்கே கண்களே போதும். ஆனால் வெளியே நமக்கொரு கடமை உண்டு. திருப்பணிதோறும் சுதைகள் புது வண்ணம் பெறுகின்றன. இன்று காணும் கோலம் நாளை இராது. நாளும் இடமும் குறித்துப் பேணும் ஒரு படம், பேரப்பிள்ளைகளுக்கு நாம் விட்டுச்செல்லும் சான்றாகும். பிராகாரம் வலம்வர முழங்கால் இடம்தராத அன்பர்களும், மாலை வேளையில் குளக்கரையில் அமர்ந்தபடியே இதனைச் செய்யலாம்.