பதினொரு நிமிட கேசட்

பெங்களூரு ஈஸ்ட் ரயில் நிலையத்தை ஒட்டிய காக்ஸ் டவுன் சந்து. மாடி வீட்டின் பின்னறையில் ஜன்னலுக்குப் பழைய மெத்தை, கதவுக்கு ஜமக்காளம். சென்னைப் பக்கம் போகும் ரயில்கள் இதையெல்லாம் சட்டை செய்வதில்லை. தண்டவாளம் அதிர்ந்தால் அது மைக்கில் ஏறிவிடும். அதனால் ஒலிப்பதிவு செய்யும் பையன் ரயில் நேரங்களைச் சாக்பீஸால் சுவரில் எழுதி வைத்திருந்தான்.

குழுவில் நான்கு பேர். வாசிப்பது ஹார்ட்கோர் பங்க். பாட்டு ஒன்றுக்கு ஒரு நிமிடம், மிஞ்சிப்போனால் இரண்டு. முதல் ஆல்பத்தின் எட்டுப் பாட்டும் சேர்ந்தே பதினொரு நிமிடம்தான்.

இந்த ஊர் மெட்டல் ஊர். 2007-ல் அயர்ன் மெய்டனும் 2011-ல் மெட்டாலிகாவும் பேலஸ் மைதானத்தில் வாசித்தன. இங்கே பிறந்த கிரிப்டோஸ் குழு ஐரோப்பிய மேடைகள் வரை போனது. பங்குக்குக் கிடைப்பது இப்படிப்பட்ட பின்னறைதான்.

டிரம்ஸுக்கு மைக் வைக்கவே அரை நாள் போயிற்று. டிரம்மர் நூலின் ஒரு முனையை ஸ்னேரின் நடுவில் அழுத்திப் பிடிக்க, ஒலிப்பதிவாளன் மறுமுனையைத் தலைக்கு மேல் தொங்கிய இரண்டு மைக்குகளுக்கும் மாறி மாறி இழுத்தான், கொத்தனார் மட்டம் பார்ப்பதுபோல. தூரம் பிசகினால் ஒரே அடி இரு மைக்குகளுக்கும் வெவ்வேறு கணத்தில் போய்ச் சேரும். இரண்டும் கலக்கும்போது ஒன்றையொன்று தின்று ஸ்னேர் சப்பென்றாகிவிடும். கிட்டார் ஆம்ப் குளியலறைக்குள், கம்பளிக்கு அடியில். காதில் தாளம் காட்டும் கிளிக் ஒலியை ஓடவிட்டு வாசித்தால் பிறகு வெட்டி ஒட்டச் சுலபம் என்றான் ஒலிப்பதிவாளன். டிரம்மர் என்னைப் பார்த்து, “கிளிக்கைக் கேட்டுட்டே எப்படிணா கோபப்படறது?” என்றான். எனக்கு அவன் பக்கம்தான் நியாயமாகப் பட்டது. டிரம்ஸ், கிட்டார், பேஸ் மூவரும் ஒன்றாகவே வாசித்தார்கள். பாட்டின் முடிவில் வேகம் கூடியிருந்தது, அதை யாரும் திருத்தவில்லை.

குரல் கடைசியில். தொண்டையால் கத்தினால் இரண்டாம் பாட்டிலேயே கம்மிவிடும். அடிவயிற்றிலிருந்து மூச்சைத் தள்ள வேண்டும். வரிகள் தமிழும் கன்னடமும் கலந்தவை: வீட்டு வாடகை, தண்ணீர் லாரி.

அதன் பிறகுதான் உண்மையான வேலை. சிக்பேட்டைப் பக்கத்து ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பொறுக்கிய பழைய பக்திப் பாடல் கேசட்டுகள் மேஜையில் குவிந்து கிடந்தன. மேல் விளிம்பில் உடைத்துவிட்டிருக்கும் சின்னக் குழியை செலோடேப்பால் மூடினால் மறுபடி பதியலாம். ஒரே ஒரு டெக். ஐம்பது பிரதிக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். பழைய நாடா பொடி உதிர்ப்பதால் நாலைந்து கேசட்டுக்கு ஒருமுறை ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் ஹெட்டைத் துடைக்க வேண்டும். பதினொரு நிமிடத்துக்குப் பிறகு நாடா அழிவதில்லை. கடைசி அலறல் அறுந்த நொடியில் முருகன் பாட்டு ஒன்று சரணத்தின் நடுவிலிருந்து கிளம்பியது. அழித்துவிடலாம் என்றான் ஒலிப்பதிவாளன். வேண்டாம் என்றார்கள் மற்றவர்கள். அப்படியே விட்டார்கள்.

உறைக்கான அட்டை சுல்தான்பேட்டையிலிருந்து, கல்யாணப் பத்திரிகைக் கடையில் மிஞ்சியது. பேஸ் கிட்டார்காரி தரையில் உட்கார்ந்து பிளேடால் வெட்டி, மடித்து, ஒட்டிக்கொண்டிருந்தாள். 1980-ல் வாஷிங்டனில் டீன் ஐடில்ஸ் என்ற பங்க் குழுவும் இப்படித்தான் செய்தது. வேறொரு இசைத்தட்டின் உறையைப் பிரித்து, அதன் அளவில் வரைந்து, கையால் வெட்டி ஒட்டினார்கள். டிஸ்கார்ட் இசை நிறுவனத்தின் முதல் இசைத்தட்டு அது. குழு கலைந்த பிறகு, கச்சேரிகளில் சேர்ந்த பணத்தில் வந்தது.

இந்தக் கதைகளை வீரக்கதையாகச் சொல்லுகிறோம். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் வேறு ஒன்று தெரிகிறது: சுயாதீன இசையில் பெரும்பகுதி கூலி எழுதப்படாத வேலை. பேண்ட்கேம்ப் தளம் டிஜிட்டல் விற்பனையில் 15 சதவீதம் எடுத்துக்கொள்வது இவர்கள் கணக்கு நோட்டில் இருக்கிறது. அட்டை, பசை, ஆட்டோ எல்லாம் இருக்கிறது. மைக் வைத்தவன் கூலிக்கு மட்டும் அதில் ஒரு வரிகூட இல்லை.

ஏன் என்று கேட்டேன். நால்வரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பேஸ்காரி பிளேடை வைத்துவிட்டு நோட்டை இழுத்தாள். “எவ்வளவுடா போடணும்?”

“மொதல்ல எஸ்.பி. ரோட்ல ரெண்டு கேபிள் வாங்கிக் குடுங்க, உங்க கிட்டார்காரன் மிதிச்சே கொன்னுட்டான்” என்றான் அவன். “மத்தத அப்புறம் பேசலாம்.”

அவள் கேபிள் என்று எழுதி, அடியில் அவன் பெயரையும் எழுதி, தொகைக்கு இடம் விட்டாள்.